ஆளறிந்து சொல்லும் நற்செய்தி

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனை ஆயர் அளித்த செய்தி)



சென்ற ஆண்டு இதே கூடுகை முடிந்து, தேநீர் வேளையில், நெடுங்காலமாய்க் காணிக்கை அனுப்பிவரும் ஒரு சபையின் மூப்பர் எங்களிடம் வந்தார். "ஐயா, இத்தனை நோயாளிகள் வந்து போகிறார்கள். எத்தனை பேருக்குச் சுவிசேஷம் சொன்னீர்கள், எத்தனை பேர் ஏற்றுக்கொண்டார்கள் என்று வருஷத்துக்கு ஒரு கணக்குக் கொடுக்கக்கூடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உங்களில் பலர் பென்ஷன் பணத்திலிருந்தும், பீடி சுற்றிய கூலியிலிருந்தும் எடுத்து அனுப்புகிறீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அன்றைக்கு எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்குச் சொல்ல விரும்புகிறோம். அதற்கு முன்பு எங்கள் தவறு ஒன்றை உங்களிடம் அறிக்கையிட வேண்டும்.

காலியாய் இருந்த கட்டில்

சில ஆண்டுகளுக்கு முன்புவரை வார்டு ஊழியத்தை நாங்கள் ஒரே ஒழுங்கில் செய்துவந்தோம். மாலை ஐந்து மணிக்குத் தொடங்குவோம். ஒரு கட்டிலுக்கு ஒரு கைப்பிரதி, ஐந்து நிமிடச் செய்தி, ஒரு ஜெபம். பிறகு அடுத்த கட்டில். எத்தனை கைப்பிரதி கொடுத்தோம் என்று மாதக் கடைசியில் நோட்டில் எழுதி வைப்போம். அந்த எண்ணைத்தான் உங்களுக்கும் அறிக்கையில் அனுப்பினோம்.

அப்படி ஒரு மாலையில், அறுவைச் சிகிச்சை வார்டில், வாழைத்தோட்டத்தில் கூலிவேலை செய்த பெரியவர் ஒருவர் படுத்திருந்தார். வயது அறுபதுக்கு மேல். சர்க்கரை வியாதி. வலது பாதத்தில் பட்ட சிறு காயம் புரையோடிக் கறுத்துவிட்டது. மறுநாள் காலையில் பாதத்தின் முன்பகுதியை எடுப்பதாக இருந்தது. டாக்டர்கள் பொறுமையாய் எடுத்துச் சொல்லி, பெரியவரும் அவர் மனைவியும் அரைமனதாய்ச் சம்மதித்திருந்தார்கள். இது எதுவும் எங்களுக்குத் தெரியாது, நர்ஸைக் கேட்கவுமில்லை. அந்த மாதத்துக் கைப்பிரதி பாவத்தின் சம்பளத்தைப் பற்றியது. வழக்கம்போல அதை விளக்கிச் சொன்னோம், ஜெபித்தோம், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டோம்.

காலையில் பார்த்தால் கட்டில் காலி. இரவோடு இரவாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார்: "நீங்க போன பிறகு பெரியவரு தூங்கவே இல்ல ஐயா. 'நான் என்ன பாவம் செஞ்சேன், சாமி எங் காலக் கேக்குதே'ன்னு பொலம்பிக்கிட்டே கெடந்தாரு."

ஒன்பதாம் நாள் வேனில் கொண்டுவந்தார்கள். கிருமி காலில் ஏறியிருந்தது. பாதத்தோடு போயிருக்க வேண்டியது, முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. கர்த்தருடைய கிருபையால் உயிர் தப்பினது.

அவர் கொஞ்சம் தேறின பிறகு, கையில் எதுவும் இல்லாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தோம். "அண்ணாச்சி, எங்களை மன்னிக்கணும்" என்றோம். வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நீங்க சொன்னது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது ஐயா. ஆனா நீங்க கட்டிலுக்குத்தான் பேசுனீங்க. எங்கிட்டப் பேசல."

இறையியல் கல்லூரியில் பிரசங்கக் கலை படித்திருக்கிறோம். பல ஆண்டுகள் பிரசங்க பீடத்தில் நின்றிருக்கிறோம். இந்த ஒரு வாக்கியத்தை எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. யோவான் 9-ம் அதிகாரத்தில், பிறவிக்குருடன் ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் விசாரித்தார்கள். ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டு, அந்த மனிதனைப் பார்த்தார். அன்று மாலையில் நாங்கள் சீஷர்கள் நின்ற பக்கத்தில்தான் நின்றோம்.

ஆண்டவர் பேசின விதம்

அதன் பிறகு சுவிசேஷங்களை வேறு கண்ணோடு வாசிக்க ஆரம்பித்தோம். இரவில் வந்த நிக்கொதேமுவிடம் ஆண்டவர் மறுபிறப்பைப் பற்றிப் பேசினார். அவன் போதகன், அந்த ஆழம் அவனுக்குத் தேவை. அடுத்த அதிகாரத்திலேயே, நடுப்பகலில், யாக்கோபின் கிணற்றண்டையில் வந்த சமாரிய ஸ்திரீயிடம் அந்தப் பேச்சே இல்லை. முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்டார். எல்லாராலும் ஒதுக்கப்பட்டவளிடம் கொடுப்பதற்கும் ஒன்று இருக்கிறது என்று காட்டினார். ஐசுவரியமுள்ள தலைவனிடம் உள்ளதையெல்லாம் விற்றுக் கொடுக்கச் சொன்னார். சகேயுவிடம் அப்படி எதுவும் கேட்கவில்லை. அவன் வீட்டில் தங்கப்போவதாக மாத்திரம் சொன்னார். அவனாகவே பாதி ஆஸ்தியைக் கொடுக்க முன்வந்தான், அதை ஏற்றுக்கொண்டார்.

வியாதியஸ்தரிடத்திலும் அப்படியே. பெத்சாயிதாவில் ஒரு குருடனைக் கைப்பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போய், இரண்டு தரம் தொட்டார். இன்னொருவனுக்குச் சேறு பூசிச் சீலோவாம் குளத்துக்கு அனுப்பினார். பர்திமேயுவை வார்த்தையினாலேயே குணமாக்கினார். அதற்கு முன்பு அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். குருடனுக்கு என்ன வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் அவன் வாயிலிருந்து வர வேண்டும் என்று காத்திருந்தார்.

அப்போஸ்தலனாகிய பவுலும் இதையே கற்றுக்கொண்டார். பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் ஜெப ஆலயத்தாரிடம் இஸ்ரவேலின் சரித்திரத்தைச் சொன்னார். லீஸ்திராவின் ஜனங்களிடம் மழையையும் விளைச்சலையும் பற்றிப் பேசினார். அத்தேனே பட்டணத்தில், அவர்கள் கட்டியிருந்த பலிபீடத்திலிருந்தே தொடங்கினார். 1 கொரிந்தியர் 9-ம் அதிகாரத்தில், எல்லாருக்கும் எல்லாமானதன் காரணத்தை அவரே எழுதியிருக்கிறார்.

'இது சத்தியத்தில் தண்ணீர் கலப்பது ஆகாதா?' என்று சிலர் பயப்படுகிறார்கள். எங்கள் டாக்டர்களைப் பாருங்கள். இன்சுலின் ஒன்றுதான். ஆனால் இந்தக் கட்டில்காரருக்கு எழுதின அளவை அடுத்த கட்டில்காரருக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. அளவை மாற்றுவதால் மருந்து வேறாகிவிடுவதில்லை. நோயாளியைப் பார்க்காமல் எழுதுகிற சீட்டுதான் மருந்தையே விஷமாக்கிவிடுகிறது.

ஐடா ஸ்கடர் அம்மையாரின் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து என்று மூன்று பேர், பிரசவத்தில் துடிக்கும் தங்கள் மனைவிமாருக்கு உதவி கேட்டு வந்தார்கள். வீட்டிலேயே டாக்டர் இருந்தார், அவருடைய தகப்பனார். ஆனால் ஆண் டாக்டரை அனுமதிக்க அவர்களால் முடியவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் மரித்துப்போயிருந்தார்கள். அந்த இரவிலே வைத்தியத்துக்குக் குறைவில்லை. அந்தப் பெண்கள் ஏற்றுக்கொள்ளக்கூடிய விதத்தில் அது அவர்களிடம் போய்ச்சேரவில்லை. அதனால்தான் ஐடா அம்மையார் தாமே டாக்டராகி, 1900-ல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார்கள். 1918-ல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியும் தொடங்கினார்கள். இந்தச் சரித்திரத்தைப் பல கூட்டங்களில் நாங்களே சொல்லியிருக்கிறோம். சுவிசேஷத்துக்கும் இது பொருந்தும் என்று உணர எங்களுக்கு ஒரு பெரியவரின் கால் போக வேண்டியிருந்தது.

நான்கு கட்டில்கள்

இப்போது நாங்கள் எப்படிப் போகிறோம் என்று சொல்லுகிறோம். இவர்களை யாரும் அடையாளம் காணாதபடி, ஊரையும் பேரையும் சொல்லாமல் விடுகிறோம்.

இருதய வார்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். நெற்றியில் திருநீறு, தலையணைக்கு அடியில் திருவாசகம். எங்களைக் கண்டதும் வாதத்துக்குத் தயாராகிவிட்டார். திருவாசகத்தில் அவருக்குப் பிடித்த பகுதி எது என்று கேட்டோம். அரைமணி நேரம் பேசினார், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். சாயர்புரத்தில் ஊழியம் செய்த ஜி. யு. போப் ஐயர் அந்த நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து 1900-ல் வெளியிட்டதைப் பற்றி அவரே பேச்செடுத்தார். மறுநாள், வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' கேட்டார், கொண்டுபோய்க் கொடுத்தோம். யாப்பில் தொடங்கிப் பொருளுக்கு வந்தார். நல்லவன் ஏன் துன்பப்பட வேண்டும் என்று கேட்டார். யோபின் புத்தகத்தை இருவருமாய் வாசித்தோம். சைவராக வந்தார், சைவராகவே வீட்டுக்குப் போனார். போகும்போது, "நீங்கள் என்னை ஜெயிக்க வரவில்லை, அதனால்தான் கேட்டேன்" என்றார். லூக்கா எழுதின சுவிசேஷத்தைக் கேட்டு வாங்கிப் போனார்.

பூச்சிமருந்து குடித்த ஓர் இளம்பெண்ணைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். செயற்கைச் சுவாசக் கருவி வைத்திருந்தது. தற்கொலை பாவம் என்று சொல்ல அப்போது அங்கே வேறு பலர் இருந்தார்கள். எங்கள் ஊழியச் சகோதரி ஒன்றும் சொல்லவில்லை. தினமும் போய்ச் சிக்குப் பிடித்த தலைமுடியைக் கோதிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். குழாயை எடுத்த மறுநாள் அந்தப் பெண் கேட்டாள்: "எதுக்குக்கா தெனமும் வாறீங்க?" "ஒன்னப் பாக்கத்தாம்மா." "என்னய எதுக்குப் பாக்கணும்?" அப்போதுதான் சகோதரி வாய் திறந்தார்கள். நம்மிடத்தில் விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்க வேண்டும் என்பது 1 பேதுரு 3:15-ன் போதனை. கேள்வி வரும்வரை காத்திருப்பதும் அந்த ஆயத்தத்தில் ஒரு பகுதிதான். அவள் இன்றைக்கு ஒரு சபையில் சந்தோஷமாய் ஆராதிக்கிறாள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்காக வராந்தாவில் காத்திருந்தார் ஒரு முஸ்லிம் தாய். ரமலான் மாதம். பாய்ம்மாவுக்கு முதலில் தேவைப்பட்டது விடியுமுன் சாப்பாடு. சமையலறையில் சொல்லி ஏற்பாடு செய்தோம். "உங்க பிள்ளைக்காக ஜெபிக்கலாமா?" என்று அனுமதி கேட்டோம். "நீங்க ஜெபம் பண்ணுங்க, நான் துஆ செய்யுறேன்" என்றார். குர்ஆனில் மரியம் என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. குழந்தையைக் கையில் ஏந்தின அந்தத் தாயைப் பற்றி அவரே பேசத் தொடங்கினார். அங்கிருந்துதான் நாங்களும் பேசினோம்.

நான்காவது, நம்முடைய சபையார் ஒருவர். பல ஆண்டுகள் சபைக் கமிட்டியில் இருந்தவர். புற்றுநோய் முற்றிவிட்டது. பார்க்க வந்தவர்களெல்லாம், விசுவாசம் இருந்தால் சுகம் கிடைக்கும் என்று சொல்லிச் சொல்லி அவரை வேதனைப்படுத்தியிருந்தார்கள். "எனக்கு இன்னொரு பிரசங்கம் வேண்டாம் ஐயரே" என்றார். என்ன வேண்டும் என்று கேட்டோம். அழுதுவிட்டார். சொத்துத் தகராறில் தம்பியோடு பதினான்கு வருஷமாய்ப் பேச்சில்லையாம். அவருடைய செல்போனை வாங்கி நாங்களே தம்பிக்குப் பேசினோம். மறுநாள் காலை பஸ்ஸில் தம்பி வந்திறங்கினார். இருவருக்கும் ஒரே கிண்ணத்தில் திருவிருந்து கொடுத்தோம். ஞானஸ்நானம் பெற்று அறுபது வருஷமான மனிதர் அவர். அன்றைக்குத்தான் சுவிசேஷம் அவரிடம் வந்து சேர்ந்தது என்று நாங்கள் நம்புகிறோம்.

எங்கள் ஒழுங்குகள்

இப்போது எங்கள் ஊழியக் குழுவில் ஐந்து ஒழுங்குகளைக் கைக்கொள்கிறோம்.

1. கட்டிலுக்குப் போகுமுன் நர்ஸிடம் கேட்போம்: இவர் யார், இன்று இவருக்கு என்ன நாள்?

2. நின்றுகொண்டு பேசுவதில்லை. ஸ்டூலைப் போட்டு உட்காருவோம். முதலில் கேட்போம், பேச்சு பிறகு.

3. ஆபரேஷனுக்கு முந்தின இரவிலும், மரணச் செய்தி வந்த வேளையிலும் போதனை செய்வதில்லை. கூட இருப்போம்.

4. அனுமதி கேட்டுத்தான் ஜெபிப்போம். 'வேண்டாம்' என்று சொல்லுகிறவரிடமும் மறுநாள் அதே முகத்தோடு போவோம்.

5. கட்டணச் சலுகை கொடுக்கும் இடத்தில் ஆயர் உட்காருவதில்லை. பணத்துக்காகத் தலையாட்டுகிற நிலைமைக்கு எந்த ஏழையையும் தள்ளக்கூடாது. நம் நாட்டின் அரசியல் சட்டம் 25-ம் பிரிவில் மதத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதே வாக்கியத்தில் மனச்சாட்சியின் சுதந்திரத்தை முதலில் வைத்திருக்கிறது. படுக்கையில் கிடக்கிறவருக்கும் அந்தச் சுதந்திரம் உண்டு. வாசற்படியில் நின்று தட்டுகிறவராகத்தான் ஆண்டவர் தம்மைக் காட்டியிருக்கிறார். கதவை உடைக்கிறவராக அல்ல.

இதனால் ஒரு நாளில் நாங்கள் பார்க்கும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். முன்பு ஒரு மாலையில் வார்டு முழுவதையும் முடிப்போம். இப்போது நான்கு பேர், சில நாள் ஒருவர்தான். இதைச் சோம்பல் என்று நீங்கள் எண்ணிவிடுவீர்களோ என்று நாங்கள் பயந்ததும் உண்டு. மூப்பருக்கு உடனே பதில் சொல்லாததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

மூப்பருக்கு எங்கள் பதில்

ஐயா, நீங்கள் இன்றைக்கும் வந்திருக்கிறீர்கள். உங்கள் பணம் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போனது என்று கணக்குக் கொடுப்போம். அது எங்கள் கடமை. ஆத்துமாக்களின் கணக்கை எங்களால் எழுத முடியவில்லை. காரணத்தைச் சொல்லுகிறோம்.

வாழைத்தோட்டத்துப் பெரியவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பரிசோதனைக்கு வருகிறார். செயற்கைக் கால் பொருத்தியிருக்கிறோம். உங்கள் காணிக்கையில் வாங்கினதுதான். அவர் ஞானஸ்நானம் பெறவில்லை. குலதெய்வக் கோயிலுக்கு இன்றும் போகிறார். அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சிற்றாலயத்துக்கு ஒரு வாழைத்தார் வந்துவிடும். வருகிற நாளெல்லாம் அறுவைச் சிகிச்சை வார்டுக்குப் போய், கால் எடுக்கப்போகிறவர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிப்பார். இருந்தால் பக்கத்தில் உட்காருவார். வேட்டியைத் தூக்கித் தன் செயற்கைக் காலைக் காட்டுவார். "பயப்படாதீரும். நான் ஓடிப்போயி முட்டுக்கு மேல குடுத்துட்டேன். நீரு பாதத்தோட விட்டுரும்" என்பார். டாக்டர்கள் சொல்லியும் கேட்காதவர்கள் அவர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

போன மாதம் எங்களைப் பார்த்து, "ஐயா, ஒங்க ஏசுசாமி இப்படித்தான் பக்கத்துல ஒக்காருவாரோ?" என்று கேட்டார். "ஆமா அண்ணாச்சி, இப்படித்தான்" என்றோம். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த முறை வரும்போது அந்தப் பேச்சைத் தொடருவாரா, தெரியாது. அது அவருக்கும் கர்த்தருக்கும் உள்ள காரியம். இவர் பேரை எந்தப் பக்கத்தில் எழுதுவது, நீங்களே சொல்லுங்கள்.

உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டு முடிக்கிறோம். முதலாவது, எங்களுக்காக ஜெபியுங்கள். பேச வார்த்தை கிடைக்க வேண்டும் என்பதைவிட, கேட்கப் பொறுமை வேண்டும் என்று அதிகமாய் ஜெபியுங்கள். இரண்டாவது, ஒரு நோயாளியோடு ஒரு மணி நேரம் உட்காருகிற ஊழியருக்கும் நீங்கள் அனுப்பும் காணிக்கையிலிருந்துதான் சம்பளம் போகிறது; அந்த ஒரு மணி நேரத்தை வீண் என்று எண்ணாதீர்கள். மூன்றாவது, உங்கள் தெருவிலும் நோயாளிகள் இருக்கிறார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய், ஐந்து நிமிடம் நின்று, ஒரு வசனம் சொல்லித் திரும்பிவிடாதிருங்கள். உட்காருங்கள். ஆண்டவர் பர்திமேயுவிடம் கேட்டதை நீங்களும் கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்க வேண்டாம்.

சமாதானத்தின் தேவன் உங்களையும், உங்கள் குடும்பங்களையும், சபைகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.